கட்டி வச்ச கம்பி

இஸ்திரிப் பெட்டியில எப்பவாவது உங்க விரல் பட்டிருக்கா?

பட்டிருக்கும். பட்ட உடனே கையை வெடுக்குன்னு இழுத்திருப்பீங்க. விரலை வாயில வச்சிருப்பீங்க, குழாயைத் திறந்து தண்ணியில காட்டியிருப்பீங்க, வீட்டுல பக்கத்துல நின்ன யாரையோ காரணமே இல்லாம நாலு வார்த்தை திட்டியிருப்பீங்க. அதோட சரி. தூங்கி எழுந்திரிக்கிறதுக்குள்ள மறந்திருக்கும். ஏன்னா அது உங்க கை, இழுத்தா வரும்.

இழுத்தும் வரலைன்னா?

பாட்டுக்காரிக்கு வரலை.

ஆஸ்பத்திரி விரிப்பு, ஓட்டல் விரிப்பு எல்லாம் துவைச்சுத் தேய்ச்சு அனுப்புற பெரிய சலவை ஆலை அது. பஸ் நிக்கிற இடத்துக்குப் பின்னாடி, தகரக் கூரை. சுவத்துல இருக்கிற ஒரு குழாய் வழியா எந்நேரமும் ஆவி வெளியே வந்துக்கிட்டே இருக்கும். அந்தப் பக்கமா போறவங்க மூக்குக்கண்ணாடி மங்கிடும், கழட்டித் துடைச்சுக்கிட்டே நடப்பாங்க. உள்ள தேய்க்கிறதுக்குப் பெட்டி கிடையாது. ரோலர்தான். ஒரு ஆள் காலை நீட்டிப் படுத்தா எவ்வளவு நீளமோ அதுல ரெண்டு மடங்கு நீளத்துல இரும்பு உருளை, பளபளன்னு, தொட்டா தோல் ஒட்டிக்கிற சூட்டுல சுத்தும். ஈர விரிப்போட ரெண்டு முனையை ரெண்டு பேர் பிடிச்சு, விளிம்பை நாடா மேல வச்சா, நாடா அதைக் கொண்டுபோய் உருளைக்குள்ள விட்டுடும். அந்தப் பக்கம் காய்ஞ்சு, சுருக்கம் இல்லாம வெளியே வரும்.

உருளைக்கு முன்னாடி குறுக்கால ஒரு கம்பி தொங்கும். விரல் கம்பின்னு சொல்லுவாங்க. விரலோ முழங்கையோ அதுல இடிச்சா உருளை டக்குன்னு நின்னுடணும். அதுக்குத்தான் அந்தக் கம்பி. வேற ஒரு வேலையும் அதுக்குக் கிடையாது.

பாட்டுக்காரி அன்னைக்குக் காலையிலதான் மடிக்கிற மேசையிலேர்ந்து ரோலருக்கு வந்தா. வேலை பார்க்கும்போது எதையாவது பாடிக்கிட்டே இருப்பா, அதனால அந்தப் பேரு. குரல் ஒண்ணும் பிரமாதம் இல்லை. மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கேக்கும், அவ்வளவுதான். ஒரு விரிப்போட மூலை மடங்கிப் போய் நாடாவுல ஏறிடுச்சு. நீவி விடலாம்னு கையை நீட்டினா. கம்பி இருக்கே, இடிச்சா நின்னுடுமேன்னு ஒரு தைரியம். புறங்கை கம்பியில இடிச்சுது. கம்பி அசையலை. உருளை நிக்கலை.

எதிர் முனையைப் பிடிச்சிருந்தவ பாய்ஞ்சு போய் சிவப்புப் பொத்தானை அடிச்சா. உருளை நின்னுச்சு. ஆனா கை உள்ள இருக்கு, உருளையோட சூடு எங்க போகும்? ஃபிட்டர் ஓடி வந்து கைச்சக்கரத்தைச் சுத்தி உருளையை மேல தூக்குற வரைக்கும் பாட்டுக்காரி கத்தினா. அதைப் பத்தி இவ்வளவு போதும்.

இந்த மாதிரி ஏதாவது நடந்தா ஏன் நடந்துச்சு, மறுபடி நடக்காம இருக்க என்ன பண்ணணும்னு கண்டுபிடிக்கிறதுக்கு அந்த ஆலையில ஒருத்தி இருந்தா. முன்னாடி அதே ஆலையில வண்டிக்கு மூட்டை ஏத்துறவ. அப்புறம் ஒரு படிப்புப் படிச்சு இந்த வேலைக்கு வந்தவ. எல்லாரும் சேஃப்டின்னுதான் கூப்பிடுவாங்க. நாமளும் அப்படியே வச்சுக்குவோம்.

சேஃப்டி ஓடி வந்து பார்த்தா, தரையைத் துடைச்சே முடிச்சுட்டாங்க. துடைப்பம் சுவத்துல சாய்ஞ்சு நின்னு சொட்டிக்கிட்டிருக்கு. ரோலருக்கு முன்னாடி வேற ரெண்டு பேர் விரிப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு, முகம் வெளுத்துப் போய் நிக்கிறாங்க. ஸ்விட்ச் பக்கத்துல மேனேஜர்.

"யார் சார் துடைக்கச் சொன்னது?"

"ஈரத்துல யாராவது வழுக்கி விழுந்துட்டா மேடம்? எல்லாம் சேஃப்டிக்குத்தான்" னாரு அவரு.

மேனேஜர் சின்ன வயசு, சன்னமான குரல். கோவம் வந்தா குரல் இன்னும் சன்னமாகும், வாய்க்கு வாய் மேடம் வரும். சேஃப்டி நேரா ஸ்விட்ச்கிட்டப் போனா. அவகிட்ட ஒரு சிவப்புப் பூட்டு உண்டு. அதுக்கு ஒரே சாவி, அது அவ கழுத்துச் சங்கிலியில தொங்கும். மெயின் ஸ்விட்ச்சைக் கீழே தள்ளி, பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைக்குள்ள விட்டுக்கிட்டா.

"இது அணைஞ்சு கிடக்கிற ஒவ்வொரு நிமிஷமும் ஓட்டல்காரன் எனக்குப் போன் பண்ணுவான் மேடம்."

"பண்ணட்டும். அவன் விரிப்புலதான் அந்தக் கை மாட்டுச்சுன்னு சொல்லுங்க."

"கண்டுபிடிக்கிறதுக்கு இதுல என்ன இருக்கு? கவனக்குறைவு. வேலையில புத்தி இல்லாம பாட்டுப் பாடிக்கிட்டு நின்னிருக்கா. பத்துப் பேர் பார்த்திருக்காங்க."

"பாட்டு வந்து அவ கையைப் பிடிச்சு உள்ள இழுத்துச்சா சார்?"

விரிப்பைப் பிடிச்சிருந்தவங்கள்ல ஒருத்தி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. மேனேஜர் வாட்சைப் பார்த்தாரு.

கவனக்குறைவு. அந்த வார்த்தையைக் கேட்டாலே சேஃப்டிக்கு உச்சந்தலையில சுர்ருன்னு ஏறும். பெரிய போர்வை அது. எதை வேணும்னாலும் அதைப் போட்டு மூடிடலாம். ஏணி உடைஞ்சு ஒருத்தன் விழுந்தா கவனக்குறைவு. ஒயர் தேய்ஞ்சு ஷாக் அடிச்சா கவனக்குறைவு. உடைஞ்ச ஏணி அங்கேயே இருக்கும், தேய்ஞ்ச ஒயர் அங்கேயே இருக்கும், அடுத்த ஆள் வந்து ஏறுவான், தொடுவான். அவனுக்கும் அதே போர்வை. செத்தவனையும் உடைஞ்சவனையும் திட்டிட்டுக் கலைஞ்சு போறதுக்குப் பேரு விசாரணையாம்!

அவ குனிஞ்சு கம்பியைப் பார்த்தா. ஒரு குச்சியால தள்ளிப் பார்த்தா. அசையலை. அந்தக் கோடிக்குப் போனா. அங்கதான் இருந்துச்சு: பழைய விரிப்புலேர்ந்து கிழிச்ச ஒரு துண்டுத் துணி. வெள்ளை மெஷின்ல வெள்ளைத் துணி. தேடிப் போனாத்தான் கண்ணுக்குத் தெரியும். கம்பியைத் தூக்கி, சட்டத்தோட சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்துச்சு.

முடிச்சைப் பார்த்ததும் அவ இன்னும் குனிஞ்சு, முகத்தைக் கிட்டக் கொண்டுபோனா.

ரெண்டு காது வச்ச முடிச்சு. ஒரு நுனி வெளியே, இன்னொரு நுனியை மடிச்சு முடிச்சுக்கு உள்ளேயே சொருகியிருந்துச்சு. வெளியே இருக்கிற நுனியை இழுத்தா ஒரே இழுப்புல அவிழ்ந்துடும். அந்த முடிச்சை அவ தினமும் பார்க்கிறா. அவ வீட்டுக் குப்பைப் பையில, ஜன்னல் திரையில, குழந்தையோட ஷூவுல. போடுறவ அவ நாத்தனார். புருஷனோட தங்கச்சி. ஒரே வீடு, ஒரே ஆலை, ராத்திரி ஷிஃப்ட்டு ரோலர்.

இழுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டா முடிஞ்சுது. யாரும் பார்க்கலை. சேஃப்டி கை அது வரைக்கும் போச்சு. அப்புறம் போனை எடுத்து நாலு பக்கமும் படம் பிடிச்சுட்டு, துணியை அப்படியே விட்டுட்டா.

"இதைப் பார்த்திருக்கீங்களா?" ன்னு ஃபிட்டரைக் கேட்டா. காதுல எப்பவும் ஒரு தீக்குச்சியைச் சொருகி வச்சிருக்கிற ஆள்.

"நான் பார்க்கலை."

"மெஷினைத் தினமும் சுத்தி வர்றீங்க."

"அக்கா, நல்லாக் கேளுங்க. பார்த்தா நான் அவிழ்க்கணும். அவிழ்த்தா மெஷின் நிக்கும். நின்னா என்னைக் கூப்பிட்டு ஏன் நிக்குதுன்னு திட்டுவாங்க. அதனால நான் பார்க்கலை."

"ஏன் நிக்கும்?"

"புது ஓட்டல் விரிப்பு. சுத்தி நாலு பக்கமும் பட்டை வச்சுத் தைச்சிருக்கான், உங்க பெல்ட்டு கனத்துக்கு. இந்தக் கம்பியும் மெஷினும் மெல்லிசா இருக்கிற ஆஸ்பத்திரி விரிப்புக்கு வச்சது. பட்டை கம்பியில இடிக்கும். இடிச்சா நிக்கும். நின்னா உள்ள மாட்டின துணி கருகும்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"கேக் வெட்டின அன்னைக்கே சொன்னேன்." அவன் தீக்குச்சியை எடுத்துப் பார்த்துட்டு மறுபடி காதுல வச்சுக்கிட்டான். "வாய்க்குள்ள ஒரு துண்டு கேக்கை ஊட்டி விட்டாரு."

அந்த ஓட்டல் கிடைச்சதுக்கு மேனேஜர் கேக் வெட்டினது சேஃப்டிக்கும் ஞாபகம் இருந்துச்சு. அவளும் ஒரு துண்டு தின்னா. அதுக்கப்புறம்தான் ரோலர் பக்கத்துச் சுவத்துல ஒரு வெள்ளைப் பலகை வந்துச்சு. எந்த ஷிஃப்ட்டுல யார் கையில எத்தனை விரிப்பு கருகுச்சுன்னு சிவப்பு மையில எழுதிப் போடுற பலகை. வர்றவன் போறவன் எல்லாம் படிச்சுட்டுப் போவான்.

ஆஸ்பத்திரியில பாட்டுக்காரியைப் பார்க்கப் போனப்ப அவ முழிச்சுத்தான் இருந்தா. வலது கை முழுக்கக் கட்டு, ஒரு தலைகாணி மேல தூக்கி வச்சிருந்தாங்க. ஊசி மருந்துல நாக்கு கொஞ்சம் குழறுச்சு.

"இதைப் பாருங்க அக்கா" ன்னு இடது கையால படுத்திருந்த விரிப்போட மூலையைத் தூக்கிக் காட்டினா. நூல்ல தைச்ச ஆலையோட அடையாளம். "நம்ம ரோலர்ல தேய்ச்சது. நான்கூட மடிச்சிருப்பேன்."

சிரிக்கப் பார்த்தா. முடியலை.

"கம்பி இடிச்சுச்சா?" சேஃப்டி மெதுவாக் கேட்டா.

"இடிச்சுது அக்கா. நல்லா இடிச்சுது. நீங்கதானே சொன்னீங்க, வேலைக்குச் சேர்ந்தப்ப எங்க எல்லாரையும் உக்கார வச்சு? கம்பி இருக்கு, இடிச்சா நின்னுடும், பயப்படாம வேலை பாருங்கன்னு. நான் பயப்படவே இல்லை." கொஞ்ச நேரம் கண்ணை மூடினா. "நான் ஏதாவது தப்பா வச்சுட்டேனா கையை?"

"நீ ஒரு தப்பும் பண்ணலை."

"நான் பாடினதுதான் காரணம்னு பேசிக்கிறாங்களாமே."

சேஃப்டிக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். இங்க படுத்திருக்கிறவ காது வரைக்கும் அதுக்குள்ள கொண்டுவந்து சேர்த்துட்டாங்களா? டாக்டரைத் தேடிப் போய்க் கேட்டா. ரெண்டு விரலுக்கு ரத்தம் ஓடலை, இன்னைக்கு ராத்திரி பார்க்கணும், காலையிலதான் சொல்ல முடியும்னாங்க.

அவ திரும்பி ஆலைக்கு வந்தப்ப மேனேஜர் அறையில ஃபேன் ஓடிக்கிட்டிருந்துச்சு. அவரு போன்ல யாருக்கோ "ஒரே நாள் சார், ஒரே நாள்" னு சொல்லிக்கிட்டிருந்தாரு. வச்சதும் குரல் மாறுச்சு.

"துணி கட்டியிருந்ததாமே மேடம். நல்லது. பாட்டை விட்டுடுவோம். கட்டினது யாரு?"

"கட்ட வேண்டி வந்தது ஏன்னு கேளுங்க."

"நான் யாருன்னு கேக்குறேன்."

"பட்டை வச்ச விரிப்பு இந்தக் கம்பியில போகாது சார். ஃபிட்டர் முதல் நாளே சொல்லியிருக்காரு. கம்பி இடிச்சு உருளை நின்னா துணி கருகும், கருகினா பலகையில பேரு ஏறும். அதான் கட்டியிருக்காங்க. கம்பியை மாத்துங்க, இல்லைன்னா அது மாறுற வரைக்கும் அந்த விரிப்பை வாங்காதீங்க. பலகையைக் கழட்டுங்க. இதுதான் நான் எழுதப் போறது."

"அந்த விரிப்பை வாங்காம இருந்தா பாதிப் பேருக்கு இங்க வேலை இருக்காது. அதையும் எழுதுங்க." அவரு நாற்காலியில சாய்ஞ்சாரு. "மேல இருக்கிறவங்களுக்கு ஒரு பேரு வேணும் மேடம். பாதுகாப்புக் கம்பியைக் கட்டினது குத்தம். குத்தம் பண்ணினவளை அனுப்பிட்டோம்னு காட்டணும். ஒரு ஆள் போனா மத்தவங்க ஒழுங்கா இருப்பாங்க."

"அப்ப கம்பி?"

"கம்பி நல்ல கம்பி. கட்டினவதான் கெட்டவ."

"என் காதுல பூ சுத்தாதீங்க சார். அந்தப் பேரு கிடைச்ச அடுத்த நிமிஷம் நீங்க ரோலரை ஓட்டுவீங்க. மத்தியானத்துக்குள்ள மறுபடி கம்பி கட்டியிருக்கும். உங்களுக்கும் தெரியும்."

"எனக்கு எதுவும் தெரியாது" ன்னாரு அவரு, ரொம்ப சன்னமா. "நாளைக்குக் காலையில எனக்குப் பேரு வரணும். வரலைன்னா உங்க பூட்டை வெட்டுவேன். உங்க வேலையைப் பத்தியும் மேல பேசுவேன். கதவைச் சாத்திட்டுப் போங்க மேடம்."

அவ கதவைச் சாத்தலை. ஆ-ன்னு திறந்து போட்டுட்டு வந்தா. அவ்வளவுதான் அப்ப அவளால முடிஞ்சுது.

வீட்டுக்குப் போற வழியெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டே நடந்தா. மேனேஜர் மேல எவ்வளவு கோவமோ அவ்வளவு கோவம் நாத்தனார் மேலயும். பேரைச் சொன்னா நாத்தனார் வேலை போகும். இவ வேலை போறது கூடப் பெருசில்லை, இவ வேலையைத் தின்னுட்டு அந்த ரோலர் அப்படியே ஓடும். அடுத்த கை யாரோடதோ.

வெளிச்சம் இன்னும் போகலை. நாத்தனார் ராத்திரி ஷிஃப்ட்டு கிடையாதுன்னு சேதி வந்ததால வீட்டுலதான் இருந்தா. மேசையில வெங்காயம் நறுக்கிக்கிட்டு, கண்ணுல தண்ணி.

சேஃப்டி செருப்பைக்கூடக் கழட்டலை. கதவோரம் வச்சிருந்த குப்பைப் பையைத் தூக்கிக்கிட்டு வந்து, வெங்காயத்துக்குப் பக்கத்துல தொப்புன்னு வச்சா.

"அண்ணி! சாப்பிடுற மேசை!"

"முடிச்சைப் பாரு."

பார்த்தா. ரெண்டு காது, உள்ளே சொருகின நுனி. கத்தி நின்னுச்சு.

"அந்தக் கம்பியில இதே முடிச்சு இருக்கு. நான் என்ன கண்ணு தெரியாதவளா? இல்லை, என் தலையில மிளகாய் அரைக்கலாம்னு நினைச்சியா?"

"நான் மட்டும்தான் கட்டுறேன்னு நினைச்சீங்களா?" நாத்தனார் குரல் உடைஞ்சுது, ஆனா தலை குனியலை. "எல்லாரும் கட்டுவோம். ஷிஃப்ட்டு முடிஞ்சு போகும்போது துணி தளர்ந்திருக்கும். அவிழ்த்துப் புதுசாக் கட்டி வச்சுட்டுப் போவோம். அடுத்து வர்றவ வந்த உடனே சிரமப்படக் கூடாதுல்ல? கட்டாமப் போனா, அடுத்த ஷிஃப்ட்டுல முதல் விரிப்பே கருகும், அவங்க பேரு பலகையில ஏறும். அப்புறம் எங்க மூஞ்சியில முழிப்பாங்களா? தண்ணிப் பானையை நிரப்பி வச்சுட்டுப் போற மாதிரி அண்ணி. ஒரு மரியாதை."

"மரியாதை!"

"ஆமா, மரியாதைதான்."

"பாட்டுக்காரிகிட்ட யாரும் சொல்லலையா, கம்பி கட்டியிருக்குன்னு?"

நாத்தனார் கத்தி முனையால வெங்காயத் தோலை ஓரமா ஒதுக்கினா. "யாருக்கும் தோணலை. எங்களுக்கே மறந்து போச்சு அண்ணி, அது கட்டித்தான் இருக்கும்கிறது. கால்ல செருப்பு போட்டிருக்கோம்னு யாராவது சொல்லிக்கிட்டா திரியுறாங்க? நாங்க அந்தப் பக்கம் கையே கொண்டுபோக மாட்டோம். அவ புதுசு. அவ கம்பியை நம்பிட்டா."

"நான் மாசாமாசம் வந்து பார்த்தேனே. ஒரு தடவைகூடக் கட்டியிருந்ததில்லையே!"

"உங்க நடை எங்களுக்குத் தெரியும்." மூக்கை உறிஞ்சினா. "கதவுக்கிட்ட வரும்போதே யாராவது 'டீ வந்தாச்சு'ன்னு கத்துவாங்க. ஒரு இழுப்பு, அவிழ்ந்துடும். அதுக்குத்தான் அந்த முடிச்சே. எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தது நான்."

சேஃப்டிக்குச் சிரிப்பு வந்துச்சு. பாழாப்போன சிரிப்பு, அடிக்கிற மாதிரி வந்துச்சு. எத்தனை தடவை அந்த டீ-க்காக அங்க நின்னு காத்திருக்கா!

"ஒரே வீட்டுல இருக்கோம். என்கிட்டச் சொல்ல வாய் வரலையா?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? அவிழ்த்துட்டு, கட்டக் கூடாதுன்னு ஒரு தாளை ஒட்டிட்டுப் போயிருப்பீங்க. பலகையில எங்க பேரு ஏறும். உங்க பேரு ஏறாதே."

அது சுருக்குன்னு தைச்சுது. சேஃப்டி நாற்காலியை இழுத்து உக்காந்து, மேனேஜர் பேரு கேட்டதையும், குடுக்கலைன்னா பூட்டை வெட்டுவேன், உங்க வேலைக்கும் வேட்டுன்னு மிரட்டினதையும் சொன்னா. ரெண்டு பேருக்கும் நடுவுல குப்பைப் பை.

"நாளைக்கு நானே போய்ச் சொல்லிடுறேன்" னா நாத்தனார். "நான்தான் கட்டினேன்னு. பொய் இல்லையே. உங்க வேலையாவது நிலைக்கட்டும்."

"சொல்லு. நல்லா வாய் நிறையச் சொல்லு!" சேஃப்டி மேசையில அறைஞ்சதுல வெங்காயத் துண்டு தெறிச்சுது. "அவருக்கு அதைவிட வேற என்ன வேணும்? உன்னை வெளியே அனுப்பிட்டு, கையைத் தட்டிட்டு, பூட்டை எடுத்துடுவாரு. அப்புறம் உன் இடத்துக்கு ஒருத்தி வருவா. அவளும் நல்லவளா இருப்பா, மரியாதை தெரிஞ்சவளா இருப்பா, அடுத்தவளுக்காகக் கட்டி வச்சுட்டுப் போவா. இன்னொருத்தி கையை நீட்டுவா. மரியாதை, மரியாதைன்னே ஒவ்வொருத்தி கையா உள்ள விடுங்க!"

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க? நான் சொல்லலைன்னாலும் அவரு பூட்டை வெட்டத்தான் போறாரு. கட்டுங்கன்னு சொல்லத்தான் போறாரு."

சேஃப்டி நிமிர்ந்து பார்த்தா.

"சொல்லுவாரா?"

"என்ன?"

"கட்டுங்கன்னு. வாயைத் திறந்து அந்த வார்த்தையை எப்பவாவது சொல்லியிருக்காரா?"

நாத்தனார் யோசிச்சா. கத்தியோட பின்பக்கத்தால கன்னத்தைச் சொறிஞ்சுக்கிட்டு, நல்லா யோசிச்சா. "இல்லை... ஒரு நாளும் இல்லை. கருகக் கூடாதும்பாரு. நிக்கக் கூடாதும்பாரு. கம்பின்னு ஒரு வார்த்தை அவர் வாயிலேர்ந்து வந்ததே இல்லை."

"அப்ப நாளைக்கு வரட்டும்."

"புரியலை அண்ணி."

"யாரும் கட்டாதீங்க. வேலை செய்ய மாட்டோம்னு சொல்ல வேண்டாம், சண்டை வேண்டாம். பூட்டை வெட்டினா வெட்டட்டும். விரிப்பைப் பிடிங்க, விளிம்பை வைங்க, சொன்ன வேலையைச் செய்யுங்க. கம்பி மட்டும் தொங்கட்டும். கருகினா கருகட்டும். அவரு பார்த்துக்கிட்டு நிக்கட்டும்."

நாத்தனார் கத்தியைக் கீழே வச்சா. கையைத் துடைச்சுக்கிட்டு போனை எடுத்தா. முதல் போன், காலையில எதிர் முனையைப் பிடிச்சிருந்தவளுக்கு. "ஏய், அழுகையை நிறுத்திட்டு நான் சொல்றதைக் கேளு..." அப்புறம் அடுத்தது. அப்புறம் அடுத்தது. சில பேர் திட்டினாங்க. ஒருத்தி, என் வீட்டு அடுப்பை உங்க அண்ணியா எரிப்பான்னு கேட்டா. நாத்தனார் அவளுக்குப் பதிலுக்குக் கத்தலை. "பாட்டுக்காரிக்கு யாருமே சொல்லலையேடி. நீயும் சொல்லலை, நானும் சொல்லலை" ன்னா. 

நடுவுல புருஷன் வேலை முடிஞ்சு உள்ள வந்தாரு. மேசை மேல குப்பைப் பை, பக்கத்துல பாதி வெங்காயம், பொண்டாட்டி செருப்போட, தங்கச்சி போனோட.

"சாப்பாடு என்னாச்சு?"

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திரும்பினாங்க.

"வெங்காயம் இருக்கு" ன்னா தங்கச்சி.

"கத்தியும் இருக்கு" ன்னா பொண்டாட்டி.

அவரு நேரா கையைக் கழுவப் போனாரு.

மறுநாள் காலையில சேஃப்டி பேரு எதுவும் குடுக்கலை. மேனேஜர் பூட்டை வெட்டச் சொன்னாரு. ஃபிட்டர் கட்டரைக் கொண்டுவந்து குடுத்துட்டு, கை வலிக்குது சார்னு ஒதுங்கி நின்னுட்டான். அவரே வெட்டினாரு. கம்பியில கட்டியிருந்த துணியை எல்லாரும் பார்க்க சேஃப்டி இழுத்தா, ஒரே இழுப்புல வந்துடுச்சு. ரோலர் சூடானதும் பெண்கள் பட்டை வச்ச விரிப்பை எடுத்து விளிம்பை வச்சாங்க. கம்பி இடிச்சுது, உருளை நின்னுச்சு, விரிப்பு கருகுச்சு. அடுத்ததும் கருகுச்சு. அதுக்கடுத்ததும். மேசையில மஞ்சளும் பழுப்புமா குவிஞ்சுது. எப்பவும் பண்றதைப் பண்ணுங்கன்னாரு மேனேஜர். எப்பவும் என்ன சார் பண்ணுவோம்னு நாத்தனார் கேட்டா. அவரு சுத்திப் பார்த்தாரு. எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. கட்டுங்கன்னு மட்டும் அவர் வாயிலேர்ந்து வரலை. கீழே கிடந்த துணியை எடுத்து, குனிஞ்சு, தானே கட்டப் போனாரு. முடிச்சு போடத் தெரியலை. விரல் உருளையில பட்டுடுச்சு. வெடுக்குன்னு இழுத்து வாயில வச்சுக்கிட்டாரு. அப்புறம் ரோலரை நிறுத்தச் சொன்னாரு. கம்பி மாறுற வரைக்கும் பட்டை விரிப்பு வேண்டாம்னு ஓட்டலுக்குப் போன் பண்ணினாரு. உங்களைப் பத்தி மேல பேசுறேன்னு சேஃப்டிகிட்டச் சொன்னாரு. பேசுங்கன்னா அவ. ஃபிட்டர் பலகையைக் கழட்டினான். சேஃப்டி ஸ்விட்ச்சுல வேற பூட்டைப் போட்டா.

அதே நேரத்துல ஆஸ்பத்திரியில பாட்டுக்காரியோட ரெண்டு விரலை எடுத்தாங்க.